ஸ்லைடில் இருந்த என் பெயர்

என் அன்பான அம்மாவுக்கு,

உன் கடைக்குட்டி எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டிப் படித்ததெல்லாம் பஸ் போர்டு மட்டும்தான். அதனால் உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிற மாதிரி நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூட நாலு பேர் கேட்டால் கேட்கட்டும். இதில் நாம் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

வீட்டில் எல்லோரும் சுகம். செக்கானூரணிப் பக்கம் இந்தத் தடவை மழை பரவாயில்லை. பெரியக்கா தோட்டத்தில் மல்லிகை போட்டிருக்கிறாள். சின்னக்கா திருமங்கலத்தில் தையல் கடையைப் பெரிதாக்கிவிட்டாள். அப்பாவுக்குக் காது அடைத்துவிட்டது. பாதி நேரம் கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று நீ ஏசுவாயே, இப்போது நிஜமாகவே கேட்கவில்லை. உன் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் உன்னோடு பேசுவது தெரு முழுக்கக் கேட்கிறது.

நான்தான் சண்டையில் இருக்கிறேன். காலேஜில் என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். ஏன் என்று உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? உன்னைப் பற்றி நூறு பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன். அது உனக்குத் தெரிய வேண்டாமா?

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் யாராவது கேட்டால், "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு டீச்சரு" என்பாய். சரிதான். மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் இருக்கிறேன். நோயை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, வருகிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும், அவர்களுடைய பழக்கவழக்கத்தை எப்படி மதிக்க வேண்டும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இப்போது ஒரு பாடம் வந்திருக்கிறது. கேள்விப்பட்டதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. இதற்கென்று ஒரு வகுப்பா என்று நீ சிரித்திருப்பாய். ஆனால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

அடுத்தடுத்த வகுப்புகள் எனக்கு என்று பேச்சு. முதல் வகுப்பை எங்கள் துறைத் தலைவரே எடுத்தார். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கறாரான, நேர்மையான மனிதர். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் ஒரு ஸ்லைடு ஓடியது. ஒரு படம், கீழே நாலு வரி. மலைவாழ் மக்கள் இப்படி இருப்பார்கள். இஸ்லாமியப் பெண்கள் கணவரைக் கேட்காமல் பதில் சொல்ல மாட்டார்கள். கூலி வேலை செய்யும் மக்களுக்குச் சுத்தம் பற்றிய அறிவு குறைவு. பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நம் பக்கம் வந்தது. "மதுரைக்கு மேற்கே உள்ள கிராமங்கள்" என்று தலைப்பு. முன்கோபம், வெட்டுக்குத்து, பெண் குழந்தை மேல் வெறுப்பு என்று போட்டிருந்தது. இரண்டு பெண் குழந்தைகளுக்கு மேல் பிறந்தால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து இருப்பதாகவே கருத வேண்டும் என்று ஒரு வரி. கடைசியில், பெண் பிறந்தது பிடிக்காமல் வைக்கும் பெயர்களுக்கு உதாரணம்: போதும்பொண்ணு.

என் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். என் வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த பட்டையில் அதே பெயர்தான் இருந்தது, முன்னால் டாக்டர் என்ற சொல்லோடு.

நான் எழுந்து நின்றேன். "சார், அது என் பேரு" என்றேன்.

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை. "அதான்மா நானும் சொல்ல வர்றேன். அப்படி ஒரு சூழ்நிலையில இருந்து தப்பிச்சு வந்து நீங்க டாக்டராகியிருக்கீங்க. பிள்ளைங்களுக்கு நீங்களே ஒரு உதாரணம்" என்றார். வகுப்பு கைதட்டியது.

அம்மா, அந்தக் கைதட்டல் மாதிரி ஓர் அவமானத்தை நான் பட்டதில்லை. நான் எதிலிருந்து தப்பித்து வந்தேன் என்று தட்டினார்கள்? உன்னிடமிருந்தா?

நான் உட்காரவில்லை. "எனக்கு அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்று கேட்டு, மேடை ஏறி, உன் கதையைச் சொன்னேன். நீ எனக்குச் சொன்னது எப்படியோ அப்படியே சொன்னேன்.

டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் பிறந்தேன். மூன்றாவதும் பெண். எந்த ஊர் என்று நர்ஸ் கேட்டார். நீ ஊர் பெயரைச் சொன்னாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு அறையில் வைத்துவிட்டார்கள். பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் கொண்டுவருவார்கள். நீ பால் கொடுத்து முடிக்கும் வரைக்கும் ஓர் ஆயா உன் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பக்கத்துக் கட்டில்காரிகள் உன்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள். ஒருத்தி தன் பிள்ளையை மறுபக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள் என்று சொன்னாய். அதைச் சொல்லும்போது மட்டும்தான் உன் குரல் இறங்கும்.

அதே நாட்களில் பெரியப்பா வந்து, "போதும்பொண்ணுன்னு பேரு வையி. அடுத்தது பய வருவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பஸ் ஏறியதும் அப்பாவைக் கூப்பிட்டு, கருத்தடை ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னாய். அப்பா போட்டார். பெரியப்பா வீட்டோடு எம்புட்டோ வருஷம் நமக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று எனக்கு விவரம் தெரிந்த பிறகுதான் தெரியும்.

ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு இத்தனையும் செய்திருக்கிறாய். ஆயா மட்டும் உன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க சுகாதார நிலையத்திலிருந்து ஓர் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வந்து போவார். தொட்டிலை விலக்கிப் பார்ப்பார், போய்விடுவார். பல தடவை பொறுத்தாய். ஒருநாள் என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்து, "இந்தா, நல்லாப் பாத்துக்க. உள்ள ரெண்டு ஆடும் ஒரு மாடும் நிக்கிது. அதையும் எண்ணிட்டுப் போ" என்றாய்.

வகுப்பில் இந்த இடத்தில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல அது நடக்கவே இல்லைன்னு நான் சொல்லல. எங்க தெருவிலேயே ஒரு வீட்டப் பத்தித் தணிஞ்ச குரல்ல பேசுவாங்க. எங்கம்மாவே அதச் சொல்லியிருக்காங்க. அந்தப் பை தூக்கிட்டு வந்த அம்மாவால எதாவது ஒரு பிள்ளை பொழச்சும் இருக்கலாம். ஆனா எங்கம்மா கேட்டது ஒண்ணுதான்" என்று சொல்லி, நீ சொன்ன சொல்லைச் சொன்னேன்.

"அவுக வந்ததுல தப்பில்ல. என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

பிறகு சொன்னேன்: "பேரு வெச்சது எங்க பெரியப்பா. போதும்னு முடிவு பண்ணது எங்கம்மா. இந்த ஸ்லைடுல எங்க பெரியப்பா இருக்கார். எங்கம்மா இல்ல."

யாரும் கைதட்டவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்துப் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு எனக்கு நாற்காலியைக் காட்டினார். பிறகு, "நான் உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலதான்மா முதல்ல வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வீட்டுக் கொல்லையில போலீஸ் தோண்டி எடுத்தப்ப பக்கத்துல நின்னேன். அந்தக் குழந்தைய நான் கையில வாங்கினேன். அத நான் எப்படி ஸ்லைடுல இருந்து எடுக்கிறது?" என்று கேட்டார்.

அவரைப் பார்த்துப் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. "சார், நீங்க கையில வாங்கினது உண்மை. எங்கம்மா கையில நான் வளர்ந்ததும் உண்மை. நீங்க ரெண்டையும் பாத்தீங்க, ஒண்ண மட்டும் சொல்லிக் குடுக்கிறீங்க" என்றேன்.

"எச்சரிக்கையா இருக்கச் சொல்றது தப்பா?"

"ஊர் பேரக் கேட்டதும் காது அடைச்சிருச்சுன்னா, எச்சரிக்கையா இருந்து என்ன சார் பிரயோஜனம்?"

அந்த வகுப்பிலிருந்து என்னை விலக்கிவிட்டார். உணர்ச்சிவசப்படுகிறேனாம். வேறு யாரையாவது வைத்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் கோபம் வந்தது. உனக்கு வருமே, முகம் அப்படியே அமைதியாகிவிடும், அந்தக் கோபம் அம்மா.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

செல்லூரில் எங்கள் கல்லூரிக்கு ஒரு சிறு நல மையம் இருக்கிறது. தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு மாடிக் கட்டடம். மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டுபோய் ஆளுக்கு ஒரு குடும்பத்தைக் கொடுப்போம். அவர்கள் அந்த வீட்டாரோடு பழகி, உடல்நிலையைக் கவனிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு இன்னும் என்னிடம்தான் இருந்தது. இனி நான் சொல்லப்போகிற இரண்டு பேரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். எழுதச் சொன்னார்கள்.

நிவேதா என்று ஒரு மாணவி. பெரிய ஊர்க்காரி, வசதியான வீட்டுப் பெண், நன்றாகப் படிப்பவள். அவளுக்குக் கிடைத்த வீடு முத்துச்செல்வியுடையது. முத்துச்செல்விக்கு இரண்டு பெண் குழந்தைகள், மூன்றாவது வயிற்றில். கணவர் தறிப் பட்டறையில் வேலை. பரிசோதனைக்கு ஒழுங்காக வருகிறவள். கடைசியாக வந்தபோது பிரஷர் ஏறியிருந்தது, காலில் வீக்கம் தொடங்கியிருந்தது. அதனால் அடிக்கடி வரச் சொல்லியிருந்தோம்.

நிவேதா பேச்சுக்கொடுத்திருக்கிறாள். சொந்த ஊர் எது என்று கேட்டிருக்கிறாள். முத்துச்செல்வி நம் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். உடனே இந்தப் பெண்ணுக்கு ஸ்லைடு ஞாபகம் வந்துவிட்டது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. வயிற்றிலிருக்கும் குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமே என்ற பதற்றம். "இதுவும் பொண்ணா இருந்தா வெச்சுக்குவீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

முத்துச்செல்வி எழுந்து, பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மையத்துக்கு வரவில்லை. எங்கள் நர்ஸ் அக்கா வீடு தேடிப் போனதற்கு, "சொல்லுங்க, நாங்க கொலகாரவுக, வரமாட்டோம்னு சொல்லுங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

நர்ஸ் அக்கா என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது பிரஷர்தான். எட்டாவது மாதத்தில் பிரஷரோடு ஒருத்தி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வலிப்பு வரலாம், தாய் பிள்ளை இரண்டு பேருக்கும் ஆபத்து. பார், அம்மா. குழந்தையைக் காப்பாற்ற ஸ்லைடில் போட்ட வரி அது. அந்த வரியே தாயையும் குழந்தையையும் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

நிவேதாவை வரச் சொன்னேன். அழுதுகொண்டே வந்தாள். "அழுறத அப்புறம் வெச்சுக்கலாம். வா, போவோம்" என்றேன்.

"என்ன சொல்றது மேடம்?"

"எனக்கும் தெரியல. போய்ப் பாப்போம்."

செல்லூர்ச் சந்துகள் உனக்குத் தெரியுமே, எதிரே ஒரு வண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். முத்துச்செல்வி வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே தறிகள். பேச்சு கேட்காது. அவள் வாசலில் உட்கார்ந்து சட்டியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே போகப் போனாள்.

"முத்துச்செல்வி, நான் கருமாத்தூருக்கு அங்கிட்டு. என் பேரு போதும்பொண்ணு" என்றேன்.

நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "டாக்டருக்கா இந்தப் பேரு?"

"டாக்டருக்குத்தான்."

உட்காரச் சொல்லவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை. நிவேதா முன்னால் வந்து, "அக்கா, நான் கேட்டது தப்பு. மன்னிச்சிருங்க" என்றாள். முத்துச்செல்வி அவளையே பார்த்தாள்.

"உங்க வீட்டுல பிள்ளைக எத்தன பேரு?"

"நானும் தங்கச்சியும்."

"ரெண்டும் பொட்டப்புள்ளைகதான? உங்கம்மாட்ட யாராச்சும் இந்தக் கேள்வியக் கேட்டாகளா? ரெண்டாவதும் பொண்ணா இருந்தா வெச்சுக்குவியான்னு?"

நிவேதா தலை குனிந்துகொண்டாள். அவள் ஏதோ சொன்னாள். தறிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. "என்னது?" என்றாள் முத்துச்செல்வி. அதையே அந்தப் பிள்ளை இரண்டாவது தடவை, சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரியில யாரும் கேக்கலக்கா. வீட்டுலதான் கேட்டாங்க. எனக்கும் தங்கச்சிக்கும் நடுவுல ஒண்ணு இருந்திச்சு. தெரிஞ்ச எடத்துல ஸ்கேன்ல பாத்து, பொண்ணுன்னதும் கலைச்சுட்டாங்க. அப்புறம் தங்கச்சி வந்தப்ப அந்த எடத்துக்கு அம்மா போகல. அம்மா என்கிட்ட ஒரே ஒரு தடவ சொல்லி அழுதிருக்காங்க."

சொல்லிவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காரும் மாடியும் வைத்திருக்கிற குடும்பம் அம்மா அது. அவர்கள் ஊரைப் பற்றி எந்த வகுப்பிலும் யாரும் படம் போட்டதில்லை. அவர்கள் செய்தால் அது குடும்ப விஷயம். நம் ஊரில் ஒருத்தர் செய்தால் அது ஊரின் பண்பாடு. இத்தனை வருஷம் படித்தும் எனக்கு இவ்வளவு தெளிவாக இது பிடிபட்டதில்லை.

முத்துச்செல்வி வெங்காயச் சட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நிவேதாவிடம் நீட்டினாள். "குடி. உங்கம்மா பாவம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு வாரேன். ஆனா என் ஊர் பேர யாரும் கேக்கக் கூடாது. என் பிரஷரப் பாக்க ஊர் பேரு என்னத்துக்கு?" என்றாள்.

"நாளைக்கு வேணாம். இப்பவே வா" என்றேன். கொஞ்சம் முறைத்தாள். கணவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என் ஸ்கூட்டரிலேயே வந்தாள். பிரஷர் பயப்படும்படிதான் இருந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையும் ஊசியுமாகப் பிரசவத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் ஆப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நிவேதா வார்டிலேயே கிடந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

என்ன குழந்தை என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். சொல்ல மாட்டேன். அந்த வார்டில் நின்ற எல்லோரும் முத்துச்செல்வியிடம் கேட்டது அதை மட்டும்தான். நீயாவது கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பால் சுரந்ததா என்றுதான் நீ கேட்பாய். சுரந்தது.

அதற்கு அடுத்த வாரம் துறைத் தலைவரின் வகுப்பில், திரும்பப் பார்க்க என்று அதே ஸ்லைடுகள் வந்தனவாம். நான் அங்கே இல்லை. மாணவர்கள் சொல்லித்தான் தெரியும். எல்லாம் ஓடி முடிந்ததும் நிவேதா எழுந்து, "சார், இதுல எங்க வீட்டப் பத்தி ஒரு ஸ்லைடு ஏன் இல்ல?" என்று கேட்டிருக்கிறாள். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே போயிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை வகுப்பை ஆரம்பித்தேன். செல்லூர் மையத்தின் மாடியில், காலேஜ் அட்டவணையில் இல்லாத வகுப்பு. முதலில் நிவேதாவும் அவள் தோழிகளும் வந்தார்கள். இப்போது செருப்பு விட இடமில்லை. ஸ்லைடு கிடையாது. எந்தக் கூட்டத்தார் எப்படி என்று நான் சொல்லமாட்டேன். நோயாளிக்கு முன்னால் உட்கார், உங்களுக்கு எது சௌகரியம், நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேள், பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இரு. இதுதான் பாடம். கேட்க எளிதாக இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக்கூட அந்த மூன்றாவது மட்டும் வருவதே இல்லை.

முதல் நாளில் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுவார்கள்? வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்த டம்ளரில் காபி? சமையலறைக்குள் யார் வரக்கூடாது? பிறத்தியார் வீட்டுப் பண்பாட்டை எழுதிப் பழகியவர்களுக்குத் தங்கள் வீட்டில் பண்பாடு என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. சிலருக்கு முகம் சிவந்தது. சிலர் கோபப்பட்டார்கள்.

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். நிலமில்லாமல் பிறர் வயலில் வேலை செய்த குடும்பத்திலிருந்து முதலில் படிக்க வந்தவன். அவன் முறை வந்ததும், "எங்க வீட்டப் பத்தி நான் சொல்லமாட்டேன் மேடம். ஸ்கூல்ல இருந்து ஆஸ்டல் வரைக்கும் எல்லாரும் என்கிட்ட அதத்தான் கேட்டிருக்காங்க. இங்கயாச்சும் நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றான். "உக்காருப்பா" என்றேன். உன் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, கேட்டால் போதும் என்று நினைத்திருந்தேன் அம்மா. கேட்கப்பட்டே சலித்துப்போனவர்களும் இருக்கிறார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம் என்பதையும் அன்று முதல் பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். அவன் ஒரு வகுப்பையும் விடுவதில்லை.

பிள்ளைகளின் வீட்டு விஷயத்தைக் கிளறுகிறார்கள் என்று ஒரு மாணவனின் அப்பா நிர்வாகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டார். அனுமதியில்லாமல் வகுப்பு நடத்தியது, துறைத் தலைவரை அவமதித்தது என்று எனக்கு மெமோ வந்தது. துறைத் தலைவர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "நான் உங்களுக்கு எதிராத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். மறைக்க விரும்பல. உங்க மேல வெறுப்பு இல்லம்மா" என்றார்.

"எனக்கும் உங்க மேல இல்ல சார். ஆனா வகுப்ப நிறுத்தமாட்டேன்."

"வேலை போயிடும்."

"தெரியும் சார்."

அவர் போகத் திரும்பினார். "அந்தச் செல்லூர்ப் பொண்ணுக்கு இப்ப பிரஷர் எப்படி இருக்கு?" என்று கேட்டார். குறைந்துவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். ஸ்லைடை அவர் இன்னும் எடுக்கவில்லை. என் பெயரை மட்டும் அதிலிருந்து அழித்துவிட்டார் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். அதை நான் கேட்கவே இல்லையே. பெயர் அங்கேயே இருக்கட்டும், கீழே நீயும் இருக்க வேண்டும் என்றுதானே கேட்டேன்?

விசாரணை இந்த வாரம். பெரியக்கா, "வாய அடக்கி ரெண்டு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு" என்கிறாள். சின்னக்கா விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போகச் சொல்லிப் புது ஜாக்கெட் தைத்து அனுப்பியிருக்கிறாள். அப்பாவிடம் காதுக்குள் கத்திச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்காத்தா மகதான நீ" என்று மட்டும் சொன்னார். வைதாரா மெச்சினாரா என்று தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

மன்னிப்புக் கேட்க மாட்டேன். யாரையும் அவமதிக்கவும் மாட்டேன். வேலையை விட்டு நிறுத்தினால் செல்லூரிலேயே வேறொரு மாடியை வாடகைக்கு எடுப்பேன். எங்கள் நிர்வாகத்துக்கு வேறு ஊர்களிலும் கல்லூரி இருக்கிறது, தூரமாக எங்காவது மாற்றிவிடுவார்கள் என்றும் பேசிக்கொள்கிறார்கள். மாற்றட்டும். அந்த ஊரிலும் ஆஸ்பத்திரி இருக்கும். அங்கேயும் ஊர் பெயரைச் சொன்னதும் பேச்சை நிறுத்திக்கொள்ளும் டாக்டர்கள் இருப்பார்கள், கட்டிலில் வாய்பேசாமல் படுத்திருக்கும் ஒருத்தி இருப்பாள். அவள் பக்கத்தில் ஒரு மாணவனை உட்காரவைத்து, அவள் பேசி முடிக்கும் வரைக்கும் எழுந்திருக்காதே என்று சொல்வேன். நான் கற்பிக்கிற காலம் வரைக்கும் இதைச் செய்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நீ பெற்று, நீ வளர்த்த,
உன் மூன்றாவது மகள்